கதவைத் திறக்காத கெர்னல்

உங்கள் பயிற்சிக் கையேட்டில் இந்தப் பிழைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. எழுதியவள் நான். ஒரு கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரலான டிரைவரை ஏற்றும்போது 'அன்னோன் சிம்பல்', அதாவது தெரியாத பெயர், என்று திரையில் வந்தால் முதலில் இதைப் பார், பிறகு அதைப் பார், எதுவும் சரிப்படவில்லை என்றால் மேலதிகாரியைக் கூப்பிடு. புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் படித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். யார் உண்மையில் படித்தீர்கள் என்று கேட்க மாட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு அவ்வளவு ஆர்வம் கூடாது.

அது சரியான பக்கம். சரியாக இருக்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் நான் எழுதாமல் விட்டது, அந்தப் பிழையின் முன்னால் எனக்கு இன்றுவரை இருக்கும் மலைப்பை. கையேட்டில் மலைப்புக்கு என்று ஒரு கட்டம் கிடையாது.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு டிரைவர் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு வருவதில்லை. கணினியின் உள்மனமான கெர்னலிடம் வந்து, "எனக்கு இன்னின்ன வேலைகளைச் செய்து தர ஆள் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்கிறது. கெர்னல் ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்க்கிறது. எல்லாப் பெயருக்கும் ஆள் இருந்தால் உள்ளே விடும். ஒரே ஒரு பெயருக்கு ஆள் இல்லாவிட்டாலும் கதவைச் சாத்திவிடும். "பரவாயில்லை, மீதியை வைத்துச் சமாளி" என்று அது சொன்னதாக வரலாறு இல்லை.

பெரும்பாலும் காரணம் சில்லறையானதுதான். காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லாரிகளை எடைபோடும் எடைப்பாலத்தின் கணினியில் டிரைவர் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். திரை நிறையத் தெரியாத பெயர்கள். ஆலை மேலாளர் அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார், ஏதோ வைரஸ் என்று. உண்மையில், ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரின் தோளில் ஏறி நிற்க வேண்டியது. அடியில் நிற்க வேண்டியதை யாரும் ஏற்றவில்லை. வரிசையாக ஏற்றினேன், அத்தனை பெயர்களும் மறைந்தன. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் சாலைவரை நின்றன. மேலாளர் என்னை மந்திரவாதியைப் போல் பார்த்தார். நானும் மறுக்கவில்லை.

ஆகவே, திரை நிறையப் பெயர்கள் வந்தால் பயப்படாதீர்கள். ஒரே ஒரு பெயர் வந்தால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எனக்கு அந்த ஒரே ஒரு பெயர் வந்தது பத்து பாகாட்டில், சிறுநீரக நோயாளிகளுக்கான ஒரு டயாலிசிஸ் மையத்தில், தீபாவளிக்கு மறுநாள் காலை.

தீபாவளிக்கு மறுநாள் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முறுக்கும் ஆட்டிறைச்சியும் மட்டுமில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிளாஸ் ஏதாவது குடித்தே ஆக வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அந்தக் கிளாஸ்தான் எமன். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலில் தேங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். பண்டிகைக்கு மையம் மூடியிருந்ததால் வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி வேறு. அந்தக் காலையில் வந்தவர்களெல்லாம் வீங்கிய முகத்தோடும் குற்ற உணர்ச்சியோடும் வந்திருந்தார்கள்.

அண்ணாமலை அண்ணனுக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. முன்னாள் பேருந்து ஓட்டுநர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

"வாங்க தங்கச்சி. மெஷினுக்கு... என்னவாம்? அதுவும்... தீபாவளி கொண்டாடிடுச்சா?"

"நீங்க என்ன குடிச்சீங்க?"

"மரியாதைக்கு... கொஞ்சம் லா."

மையத்தின் பொறுப்புத் தாதி சிஸ்டர் அமலா அவர் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். கொஞ்சம் இல்லை என்று அர்த்தம். ஓரமாக அழைத்துப்போய் மீதியைச் சொன்னார். மையத்தின் டாக்டர் பெரிய மருத்துவமனையில் கேட்டிருக்கிறார். அங்கே இயந்திரங்கள் நிறைந்திருக்கின்றன, மாலைக்கு முன் இடம் கிடைக்காது. "மத்தவங்க காத்திருப்பாங்க மேடம். இவரு சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாரு."

இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருக்கும் தண்ணீர் அறையில்தான் சிக்கல். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குப் போகும் தண்ணீர் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். குழாய்க்குள் ஓர் உணர்கருவி தண்ணீரைச் சோதித்துக்கொண்டே இருக்கும். அதன் வயர் ஒரு கணினிக்குள் இருக்கும் மின்னணு அட்டைக்குப் போகிறது. தண்ணீர் கெட்டால் அந்தக் கணினி மணியடித்து, வால்வை மூடி, தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிடும். அட்டையின் டிரைவர் ஓடாவிட்டாலும் வால்வு மூடியே இருக்கும். நல்ல வடிவமைப்பு. பண்டிகைக்கு முதல் நாள் இடி மின்னலில் அந்தக் கணினியின் வன்வட்டு செத்துப்போயிருந்தது.

இந்தக் கணினிகளைப் பராமரிக்கும் எங்கள் ஸ்கூடாய் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு மாற்று வட்டு தயாராக இருந்தது. மிகவும் தயாராக. யாரோ ஒரு கடமை வீரர் அதில் புத்தம் புதிய கெர்னலைப் போட்டு வைத்திருந்தார். அட்டையைச் செய்த நிறுவனமோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. அவர்கள் தந்த டிரைவரில் பாதி, திறந்து பார்க்க முடியாதபடி அடைத்த பொட்டலம். புதிய கெர்னலில் அதை ஏற்றினோம். ஒரே ஒரு வரி வந்தது. ஒரே ஒரு தெரியாத பெயர்.

என்னோடு வந்திருந்தவர் தேவன். எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரர். சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தினமும் எல்லைப் பாலத்து நெரிசலில் தவம் கிடக்க முடியாது என்று இந்தப் பக்கமே வந்துவிட்டவர். வரியைப் பார்த்ததும் விரலைச் சொடுக்கினார்.

"பழைய கெர்னல்ல இருந்த ஃபங்ஷன் மேடம். புதுசுல எடுத்துட்டாங்க. ஒரு டம்மி செஞ்சிடலாமா?"

டம்மி என்றால் இதுதான். கெர்னல் தேடும் அதே பெயரில் ஒரு சின்ன நிரலை எழுதி முதலில் உள்ளே அனுப்புவது. அது எந்த வேலையும் செய்யாது. யார் கூப்பிட்டாலும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். அரசாங்க அலுவலகங்களில் இந்த வகை மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கெர்னல் பெயரைத்தான் கேட்கும், வேலை தெரியுமா என்று நேர்முகத் தேர்வு வைக்காது.

"பரிசோதனைக்கு மட்டும்" என்றேன். தேவன் எழுதி முடிப்பதற்குள் நான் கொண்டுவந்த காப்பி ஆறக்கூட இல்லை. டம்மி உள்ளே போனது. பின்னாலேயே டிரைவரும் போனது. திரை பச்சையாகி, தண்ணீரின் அளவு எண்ணாக வந்து நின்றது. தண்ணீர் அறை வாசலில் நின்ற மையத் தலைவர் கைதட்டினார். அவர் ஊரில் தையல் தொழிற்சாலை நடத்துபவர், தன் சொந்த விடுமுறையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"முடிஞ்சிச்சா? அப்ப ஆரம்பிங்க சிஸ்டர்!"

சிஸ்டர் அமலா ஆரம்பிக்கவில்லை. தினமும் முதல் நோயாளிக்கு முன் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. உணர்கருவியைக் கழற்றி ஒரு குவளைக் குழாய்த் தண்ணீரில் முக்குவார். மணி அடித்தே ஆக வேண்டும். அன்றும் முக்கினார். மணி அலறியது, வால்வு டக்கென்று மூடியது. பக்கத்துக் குவளையில் இருந்த நல்ல தண்ணீரில் வைத்ததும் மறுபடி பச்சை. சிஸ்டர் திருப்தியாகத் தலையசைத்தார்.

எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. கையேட்டின்படி நான் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். தலைவர் பேனாவையே நீட்டிவிட்டார்.

பேனாவை வாங்கிக்கொண்டு தேவனிடம் கேட்டேன்: "அந்தப் பேரு... பழைய கெர்னல்ல அது என்ன வேலை செஞ்சுச்சு?"

"டைமர் மேடம். ஒரு டைமரை ஓட விடும். அவ்வளவு..."

'தான்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. முகம் மாறியது. அவர் எழுந்து போய், அட்டையின் பின்னால் செருகியிருந்த உணர்கருவியின் வயரைத் தானே பிடுங்கினார்.

திரை பச்சையாகவே இருந்தது.

எண்ணும் அங்கேயே இருந்தது. சற்று முன் கடைசியாக வந்த அதே எண். இறந்தவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் அவர் சிரித்துக்கொண்டே இருப்பாரே, அப்படி. வயர் தேவனின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மணிக்காகக் காத்திருந்தோம். மணி அடிக்கவில்லை.

கெட்ட தண்ணீர் வந்தால் உணர்கருவி கத்தும், அதற்கு டைமர் தேவையில்லை. உணர்கருவியே வாயடைத்துப் போனால் என்ன செய்வது? அதற்காகத்தான் அந்த டைமர். "இவ்வளவு நேரமாகச் சத்தமே இல்லையே" என்று கவனிக்கிற ஒரே காவல் அது. தேவனின் டம்மி அந்தக் காவலனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றது. அந்த அறையில் எப்போதும் ஈரம். வயரின் முனை பச்சைக் களிம்பேறித் தளர்ந்து, நாங்கள் வந்து மாற்றியது முன்பும் நடந்த விஷயம்.

எனக்கு அந்த மலைப்பு வந்தது அப்போதுதான். தேவனை நினைத்தோ என்னை நினைத்தோ இல்லை. யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ, பத்து பாகாட் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாமல், அண்ணாமலை என்று ஒரு பேருந்து ஓட்டுநர் இருப்பது தெரியாமல், கெர்னலில் அந்தச் சோதனையை எழுதி வைத்திருக்கிறார். ஒரு பெயருக்கு ஆள் இல்லையென்றால் உள்ளே விடாதே. வேறு சில சோதனைகளை வலுக்கட்டாயமாகத் தாண்ட கெர்னலே வழி தருகிறது. இதற்கு மட்டும் தருவதில்லை. இல்லாத ஓர் இடத்துக்கு எப்படிப் போகச் சொல்வது? அந்தக் காலையில் எங்கள் எல்லாருக்கும் அவசரம் இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. இரண்டும் இல்லாத அந்தக் கெர்னல்தான் இல்லாததை இல்லை என்று சொன்னது. அதுவும், எது இல்லை என்று பெயர் சொல்லி. இவ்வளவு துல்லியமாகக் குறை சொல்லும் மனிதரை நான் என் பணிக்காலத்தில் சந்தித்ததே இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெளியே நடைபாதையிலிருந்து அண்ணாமலை அண்ணனின் குரல் வந்தது. "என்ன லா... கல்யாண வீடு மாதிரி கைதட்டினீங்க. இப்ப... எழவு வீடு மாதிரி இருக்கு?"

டம்மியையும் டிரைவரையும் இறக்கச் சொன்னேன். திரை கறுத்தது. வால்வு மூடிக்கொண்டது.

தலைவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். "ஓடிக்கிட்டு இருந்ததை ஏன் மேடம் நிறுத்துறீங்க? வெளிய ஆளு மூச்சு விட முடியாம கெடக்காரு. ஒயர் கழண்டா பாத்துக்கலாம்!"

"யாரு பாக்குறது?" என்றேன்.

வாய்ப்பேச்சுக்குத்தான் கேட்டேன். ஆனால் பதில் வந்தது.

"நான் பாக்குறேன்" என்றார் தேவன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னை மட்டும் பார்த்தார். "உங்க மேனுவல்லயே இருக்கு மேடம். கடைசிப் பக்கம்."

இருந்தது. தானியங்கிக் கண்காணிப்பு இல்லாத நேரத்தில், மருத்துவர் அனுமதித்தால், உயிருக்கு அவசரமான ஒரே ஒரு நோயாளிக்கு மட்டும், தண்ணீர் அறையில் ஓர் ஆள் கைமீட்டரோடு நின்று இடைவிடாமல் சோதிக்கலாம். ஒரு கை, தானியங்கி வால்வைச் சுற்றித் தண்ணீரை விடும் கைவால்வில் இருக்க வேண்டும். தணிக்கையாளர் ஏதாவது எழுதச் சொன்னார் என்பதற்காக எழுதிய வரி அது. மனிதன் யாராவது அப்படி நிற்பான் என்று நினைத்து எழுதியதில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தையும் ஒருவர் படித்திருக்கிறார் என்பதே அன்றைய இரண்டாவது மலைப்பு.

டாக்டர் தொலைபேசியில் நிறையக் கேள்விகள் கேட்டார். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று இருமுறை சோதிக்கச் சொன்னார். பிறகு, அண்ணாமலைக்கு மட்டும், என்றார். சிஸ்டர் அமலா கைவால்வின் பூட்டைத் திறந்து, சாவியைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு, தேவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ தண்ணிய பாப்ப. உன்னை யாரு பாக்குறது?"

"புரியல சிஸ்டர்."

"நின்னுக்கிட்டே தூங்கிட்டா? மயங்கி விழுந்துட்டா? நான் அடிக்கடி கூப்பிடுவேன். உடனே பதில் சொல்லணும். சொல்லலைன்னா நான் மெஷின நிறுத்திடுவேன், அப்புறமா வந்து உன்னைத் திட்டுவேன்."

சிஸ்டருக்கு டைமர் பற்றி யாரும் விளக்கவில்லை. ஆனால் டைமர் என்றால் அதுதான்.

ஆரம்பித்தார்கள். தண்ணீர் அறைக் கதவைத் திறந்தே வைத்தார்கள். நான் அந்த அறையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கணினியோடு உட்கார்ந்து, பழைய கெர்னலை இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கினேன். அதில்தான் இந்த டிரைவருக்கு வேண்டிய எல்லாப் பெயர்களும் இருந்தன. பண்டிகை விடுமுறை. பத்து பாகாட் மொத்தமும் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தது போலும். கெர்னல் சொட்டுச் சொட்டாக வந்தது. நான் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும்தான். அதனால் தேவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கை வால்வில். மறு கையில் மீட்டர். குழாயின் சின்னத் திருகிலிருந்து குவளையில் பிடிப்பார், முக்குவார், எண்ணைச் சத்தமாகச் சொல்வார், ஊற்றுவார். மறுபடி பிடிப்பார். அந்த அறையில் குளிர்சாதனம் இல்லை. பம்பு காதருகே இரைந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலைவர் ஒரு மின்விசிறியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

"தேவா!"

"இருக்கேன் சிஸ்டர்!"

குவளை. மீட்டர். எண்.

"தேவா!"

"இருக்கேன் சிஸ்டர்!"

நடுவில் ஒருமுறை அவர் பதில் சொல்லத் தாமதமானது. எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் சிஸ்டரின் செருப்புச் சத்தம் இயந்திரத்தை நோக்கி ஓடியது எனக்குக் கேட்டது. "இருக்கேன், இருக்கேன்!" என்று தேவன் கத்தினார். செருப்புச் சத்தம் நின்றது. திட்டு மட்டும் தொடர்ந்தது.

கெர்னலுக்குள் அந்த டைமர் இதைத்தான் செய்துகொண்டிருந்தது, இத்தனை வருடங்களாக, யாரும் பார்க்காமல், ஒருமுறைகூடக் கவனம் சிதறாமல். நான் கையேட்டில் அதற்கு ஒரு வரி கொடுத்திருந்தேன். இப்போது ஒரு மனிதன் அதை வியர்த்து வியர்த்துச் செய்வதைப் பார்த்தபோதுதான் அந்த ஒரு பெயரின் எடை எவ்வளவு என்று தெரிந்தது.

கெர்னல் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. போட்டேன். தேவன் பிடுங்கிய வயரை மறுபடி செருகி, டிரைவரை அதற்கேற்பப் புதிதாகத் தயாரித்து ஏற்றினேன். திரையில் எதுவும் வரவில்லை. ஒரு வாழ்த்துகூட இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் கெர்னல் பேசாது. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அன்று அதை நம்பவில்லை. உணர்கருவி இன்னும் பக்கத்துக் குவளையில் தனியாகத்தான் கிடந்தது. தண்ணீர்ப் பாதையைத் தொடாமல் சோதிக்கலாம். "சிஸ்டர், மணி அடிக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினேன்.

எண் அசையாமல் நின்றது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். மணி அலறியது.

அதைவிட இனிமையான சத்தத்தை நான் எந்தக் கோவிலிலும் கேட்டதில்லை.

"அலமாக்!" என்று நாற்காலியிலிருந்து அண்ணாமலை அண்ணன் கத்தினார். "உசிரே போச்சு லா!" இந்த முறை மூச்சை இழுக்காமல், ஒரே வீச்சில் சொன்னார். சிஸ்டர் அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.

"போதும் தேவன். மெஷின் பாத்துக்கும். வெளிய வாங்க" என்றேன்.

"அவரு முடியட்டும் மேடம். நடுவுல ஆளை மாத்த வேணாம்."

கையேட்டில் அப்படி ஒரு விதி இல்லை. சேர்த்திருக்கலாம் என்று தோன்றியது. அவர் கையை எடுக்கவில்லை. குவளை, மீட்டர், எண் எல்லாம் முன்போலவே தொடர்ந்தன. அண்ணாமலைக்கு முடிந்து, சிஸ்டர் வந்து பூட்டைப் போட்டு, உணர்கருவியை அதன் இடத்தில் பொருத்தி, தன் குவளைச் சோதனையையும் பின்னாலேயே வயர் சோதனையையும் செய்த பிறகுதான் மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். அன்றிலிருந்து அந்த மையத்தில் இரண்டு சோதனைகள்.

ஆகவே, திரையில் ஒரே ஒரு பெயர் வரும்போது, அதை எப்படி வாயடைப்பது என்று யோசிப்பதற்கு முன், அந்தப் பெயர் யாருக்காக என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். இதைக் கையேட்டில் சேர்க்கச் சொல்லி எழுதினேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

நாங்கள் கிளம்பும்போது அண்ணாமலை அண்ணன் வாசலில் மகனின் காருக்காக உட்கார்ந்திருந்தார். முகத்தின் வீக்கம் பாதி வற்றியிருந்தது. எங்கள் பின்னால், சிஸ்டரின் குரலை அப்படியே நடித்துக் கூப்பிட்டார்:

"தேவா!"

தேவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழக்கத்தில், உடனே பதில் சொன்னார்:

"இருக்கேன்!"

"நானும் இருக்கேன் லா" என்றார் அண்ணாமலை.